ஜன்னலில் ஒட்டிய வண்ணக் காகிதம்

பிள்ளைகள் வளர்ந்த வீடுகளில் பெரும்பாலும் ஒரு பெட்டி இருக்கும். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியாக இருக்கலாம், துருப்பிடித்த பிஸ்கட் டின்னாகவும் இருக்கலாம். உள்ளே பாதி தேய்ந்த கிரேயான்கள், ஓரம் வெட்டிய வழவழப்பு வண்ணத்தாள், கொலுவுக்கு வாங்கி மிஞ்சிய ஜிகினா, யாரோ கொடுத்த பூங்கொத்தைச் சுற்றி வந்த மஞ்சள் கண்ணாடித்தாள், மூடி இறுகிப்போன பசைக் குப்பி. தூக்கிப் போட மனசு வராது. விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்து, செல்போனைப் பிடுங்கி வைத்த கோபத்தில் முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது அந்தப் பெட்டி வெளியே வரும்.

இந்த மிச்சம் மீதியை வைத்து ஜன்னலுக்கு வண்ண அலங்காரம் செய்வது பல தேசங்களில் பிள்ளைகளின் வழக்கமான வேலை. பார்க்க வெறும் பொழுதுபோக்கு மாதிரி இருக்கும். ஆனால் அதன் கதையைத் தேடிப் போனால் ஒரு வரி, ஓர் அரசாங்கத் தடை, ஒரு சாயம், நம் சென்னையில் அச்சான ஒரு கணக்குப் புத்தகம் எல்லாம் குறுக்கே வருகின்றன. முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். அந்தப் புத்தகத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. ஆனால் முதலில் ஜன்னலிலிருந்து தொடங்குவோம்.

நம் ஊரில் அலங்காரம் என்றால் வாசல்தான். கோலம், மாவிலைத் தோரணம், வாழைமரம் எல்லாம் வாசலுக்கு. பகலெல்லாம் கதவு திறந்து கிடந்த ஊர் இது. ஜன்னலுக்குக் கம்பியும் மரக்கதவும் போதும், வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் வண்ணக் கண்ணாடி பதித்திருப்பார்கள். அது பணம் படைத்தவர்களின் அலங்காரம், பிள்ளைகள் கையால் செய்தது இல்லை.

குளிர் தேசங்களில் கதையே வேறு. மார்கழி மாசத்தில் ஜெர்மனியில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். கதவு எப்போதும் சாத்தியிருக்கும். வாசலில் கோலம் போட்டால் பனி மூடிவிடும். தெருவுக்கும் வீட்டுக்கும் மிச்சமிருக்கிற ஒரே தொடர்பு ஜன்னல். அதில் ஒரு வண்ணக் காகிதத்தை ஒட்டினால் பகலில் வெயில் பட்டு வீட்டுக்குள் நிறம் விழும். இரவில் உள்ளே விளக்கு எரியும்போது அதே நிறம் தெருவில் போகிறவனுக்குத் தெரியும். ஒரே காகிதம் உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் மாறி மாறி வேலை செய்கிறது. இந்த ஒரு குணத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

கண்ணாடி பரவுவதற்கு முன் ஜன்னலே காகிதமாக இருந்த நாடு சீனா. மரச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பூட்டி, அதன்மேல் வெள்ளைத் தாளை ஒட்டிவிடுவார்கள். வருஷம் முழுக்க அடுப்புப் புகை பட்டு அது பழுப்பேறிப்போகும். புத்தாண்டுக்கு முன் கிழித்துப் புதுத்தாள் ஒட்டுவார்கள். அந்தப் புதுவெள்ளையின்மேல் சிவப்புக் காகிதத்தில் வெட்டிய பூ, மீன், பறவை, பழம் இவற்றை மாவுப் பசையால் ஒட்டுவார்கள். அதற்குப் பெயரே 'ஜன்னல் பூ'தான். அம்மா வெட்டுவாள், பெண்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்வாள். நல்ல மாதிரி ஒன்று கிடைத்தால் படியெடுக்கவும் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஈரத்தாளின்மேல் அந்த மாதிரியைப் பரப்பி, விளக்குப் புகையில் காட்டுவார்கள். சுற்றிலும் கரி படிந்துவிடும். மாதிரியை எடுத்தால் அதன் உருவம் வெள்ளையாக நிற்கும். சீனாவின் மேற்கே துர்ஃபான் பாலைவனக் கல்லறைகளில் 6ஆம் நூற்றாண்டுக் காகித வெட்டுகள் கிடைத்திருக்கின்றன. 2009ல் யுனெஸ்கோ இந்தக் கலையை மானுடப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

ஐரோப்பாவில் ஜன்னல் கண்ணாடி பணக்காரச் சமாசாரமாக நெடுநாள் இருந்தது. ஏழைகள் எண்ணெய் தடவிய தாளையோ துணியையோ வைத்து மூடிக்கொண்டார்கள். இங்கிலாந்தில் 1696 முதல் ஜன்னலுக்கு வரி. எத்தனை ஜன்னலோ அத்தனைக்கு ஏற்ற வரி. வரிக்குப் பயந்து பலர் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். அப்படி அடைத்த ஜன்னல்களை அங்கே பழைய வீடுகளில் இன்றைக்கும் பார்க்கலாம். கண்ணாடிக்கு என்று தனியாகவும் ஒரு வரி இருந்தது. அந்தக் கண்ணாடி வரி 1845ல் போனது. ஜன்னல் வரி 1851 ஜூலை 24ஆம் தேதி ரத்தானது. வெளிச்சத்துக்கு வரி கொடுத்த காலம் ஒன்றரை நூற்றாண்டு!

அந்த 1851ஐ மறக்க முடியாது. ஜன்னல் வரி ஒழிந்து சரியாக இரண்டு வாரம். ஆகஸ்ட் 7ஆம் தேதி பிரஷ்ய அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டது: எங்கள் நாட்டில் கிண்டர்கார்டன் நடத்தக் கூடாது. குழந்தைகள் காகிதம் மடித்துக்கொண்டும் பாட்டுப் பாடிக்கொண்டும் இருந்த இடத்துக்குத் தடை!

கிண்டர்கார்டன் என்ற சொல்லை உண்டாக்கியவர் ஃப்ரீட்ரிஷ் ஃப்ரோபெல். 1782ல் ஜெர்மனியின் துரிங்கியா வட்டாரத்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். ஒரு வயது நிறைவதற்குள் தாயை இழந்தார். காட்டிலாகாவில் வேலை பழகி, பிறகு பெர்லினில் கனிமப் படிகங்களை ஆராயும் இடத்தில் உதவியாளராக இருந்தார். ஒரு சின்ன ஒழுங்கு திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டு ஒரு பெரிய வடிவம் ஆவதைப் படிகத்தில் பார்த்தவர், அதையே குழந்தையின் கையில் கொடுக்க நினைத்தார். 1837ல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் தொடங்கினார். 1840ல் அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்று பெயர் வைத்தார்.

அவர் கொடுத்த பொருள்கள் மிகச் சாதாரணம். நூல் பந்து, மரக்கட்டை, குச்சி, களிமண், காகிதம். காகிதத்தில் மட்டும் மடிப்பது, வெட்டுவது, பின்னுவது, ஊசியால் குத்திப் படம் செய்வது என்று நாலு வேலை. குழந்தை செய்வதை மூன்று வகையாகப் பிரித்தார். படகு, தொப்பி போல உலகத்தில் உள்ளதைச் செய்வது வாழ்க்கை வடிவம். சதுரத்தை மடித்து முக்கோணம் காண்பது அறிவு வடிவம். பூவும் நட்சத்திரமும் போல ஒழுங்காக விரிவது அழகு வடிவம். ஒரே தாள், ஒரே மடிப்பு, மூன்று பலன். இன்றைக்கு ஜன்னலில் ஒட்டும் காகித நட்சத்திரம் இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தது.

இதை ஏன் தடை செய்தார்கள்? நாத்திகத்தையும் பொதுவுடைமையையும் குழந்தைகளுக்கு ஊட்டுகிறார்கள் என்று குற்றச்சாட்டு. 1848 புரட்சிக்குப் பிறகு எதைக் கண்டாலும் பயந்த காலம். ஃப்ரோபெலின் அண்ணன் மகன் கார்ல் ஃப்ரோபெல் எழுதியதையும் இவருடையதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டார்கள் என்று வரலாறு சொல்கிறது. வேறு ஆள் என்று விளக்கியும் பலனில்லை. அடுத்த வருஷம், 1852 ஜூன் 21ஆம் தேதி, தடை நீங்காமலே ஃப்ரோபெல் கண்ணை மூடினார். 1860ல்தான் தடை விலகியது.

ஆனால் ஊரை விட்டுத் துரத்திய விதை வேறு ஊரில் முளைக்கும். ஃப்ரோபெலிடமும் அவர் வட்டத்தாரிடமும் பழகிய பெண்கள் பலர் வெளிநாடுகளில் இதைத் தொடங்கினார்கள். லண்டனில் 1851ல் பெர்த்தா ரோங்கே. அமெரிக்காவில் வாட்டர்டவுன் என்ற ஊரில் 1856ல் மார்கரெத் ஷுர்ஸ். தடை போடாமல் இருந்திருந்தால் இவ்வளவு வேகமாக இது கடல் தாண்டியிருக்குமா என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு.

அதே சமயத்தில் காகிதமும் மாறிக்கொண்டிருந்தது. அதுவரை கந்தல் துணியிலிருந்துதான் காகிதம் செய்தார்கள். கந்தலுக்குத் தட்டுப்பாடு, அதனால் காகிதம் விலை. 1840களில் சாக்ஸனியில் கெல்லர் என்ற நெசவாளர் மரத்தைத் தேய்த்துக் கூழாக்கும் வழியைக் கண்டார். காகிதம் மலிவாயிற்று. 1856ல் லண்டனில் பெர்கின் என்ற 18 வயதுப் பையன் மலேரியாவுக்குக் கொய்னா செய்யப் போய், தாரிலிருந்து ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தான். அதன் பின்னால் வரிசையாகச் செயற்கைச் சாயங்கள் வந்தன. ஆக மலிவான கண்ணாடி, மலிவான காகிதம், மலிவான நிறம், குழந்தைக்குக் காகிதம் கொடுக்கலாம் என்ற எண்ணம், இந்த நான்கும் இருபது வருஷத்துக்குள் ஒன்றுகூடின. அமெரிக்காவில் மில்டன் பிராட்லி என்ற விளையாட்டுப் பொருள் தயாரிப்பாளர் 1869 முதல் கிண்டர்கார்டன் சாமான்களைச் செய்து விற்றார். வண்ணத்தாளும் அதில் உண்டு. நம் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் சாமான்களின் மூதாதை அங்கேதான். பின்னால் 1903ல் அமெரிக்காவில் எட்டு நிறங்கள் கொண்ட கிரயோலா கிரேயான் பெட்டி ஐந்து சென்டுக்கு வந்தது. சுவிட்சர்லாந்துக்காரர் பிராண்டன்பெர்கர் 1908ல் கண்ணாடித்தாளைக் கண்டுபிடித்தார். பெட்டி நிறைந்துவிட்டது.

1876ல் பிலடெல்ஃபியாவில் நடந்த பொருட்காட்சியில் ஃப்ரோபெல் சாமான்களைப் பார்த்த ஒரு தாய், தன் மகனுக்கு வாங்கிக் கொடுத்தாள். பையன் பெயர் ஃபிராங்க் லாய்ட் ரைட். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். 1912ல் சிகாகோ பக்கம் ரிவர்சைடில் சிறுவர்களுக்கான ஒரு கட்டடத்துக்கு அவர் வண்ணக் கண்ணாடி ஜன்னல் செய்தார். பலூன், கொடி, திருவிழாவில் தூவும் காகிதத் துணுக்கு, இவையெல்லாம் வட்டமும் சதுரமுமாக அதில் மிதக்கும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அந்த ஜன்னல்களில் மூன்று இருக்கின்றன. படத்தில் பார்த்தாலே தெரியும், அது ஒரு குழந்தை வெட்டி ஒட்டிய காகிதம்தான், கண்ணாடியில்.

இப்போது சென்னைக்கு வருவோம்.

1893ல் சென்னை அடிசன் கம்பெனி ஓர் ஆங்கிலப் புத்தகம் வெளியிட்டது. 'காகித மடிப்பில் வடிவியல் பயிற்சிகள்' என்று தமிழில் சொல்லலாம். எழுதியவர் டி. சுந்தர ராவ், பி.ஏ. இந்த யோசனை தனக்கு எங்கிருந்து வந்தது என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார்: கிண்டர்கார்டனில் கொடுக்கும் எட்டாவது பரிசுப் பெட்டி. அதில் பல நிறங்களில் 200 சதுரத் தாள்களும், மடிப்பை அழுத்த ஒரு பட்டையும், படம் போட்ட குறிப்புகளும் இருக்கும். துரிங்கியாக் கிராமத்தில் தொடங்கி, தன் நாட்டிலேயே தடைபட்டு, கடல் தாண்டி, சென்னையில் ஒருவர் மேசைமேல் வந்து உட்கார்ந்த வண்ணத்தாள்!

அவர் அந்தத் தாளை அறிவு வடிவத்தின் பக்கம் எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு தூரம் கொண்டுபோனார். ஒழுங்கில்லாத ஒரு துண்டுத் தாளில் தொடங்கி, அதை மடித்தே சதுரமாக்கிக் காட்டுகிறார். பிறகு சமபக்க முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம், எண்கோணம் என்று போய், கடைசியில் நீள்வட்டம், பரவளைவு வரை வருகிறார். காம்பஸ் இல்லை, ஸ்கேல் இல்லை. ஒரு பேனாக்கத்தியும் துண்டுக் காகிதங்களும் போதும் என்கிறார். எந்தத் தாளும் ஆகும், ஆனால் வண்ணத்தாளில் மடிப்புக் கோடு நன்றாகத் தெரியும், பிள்ளைகளுக்கும் பிடிக்கும் என்பது அவர் கணக்கு. இந்தப் புத்தகத்தைக் கண்ணில் கண்டு குறிப்பிட்டவர் ஜெர்மனியின் மிகப் பெரிய கணித மேதைகளில் ஒருவரான ஃபெலிக்ஸ் கிளைன். அவர் எழுதியதைப் படித்துத் தெரிந்துகொண்ட பீமன், ஸ்மித் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் 1901ல் சிகாகோவில் புதுப் பதிப்பு கொண்டுவந்தார்கள். இன்றும் அது அச்சில் கிடைக்கிறது. காகித மடிப்புக் கணிதம் பற்றி எழுதுகிறவர்கள் சுந்தர ராவைத் தொட்டுவிட்டுத்தான் மேலே போகிறார்கள். நம் பள்ளிக்கூடங்களில் இந்தப் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நான் கேட்கப் போவதில்லை. தெரிந்துகொள்ள இன்றைக்கே நல்ல நாள்.

அறிவு வடிவத்தையும் அழகு வடிவத்தையும் ஜன்னலில் ஒன்றாகப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஜெர்மனியில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் பிள்ளைகள் செய்யும் நட்சத்திரம் அது. 1919ல் ஸ்டுட்கார்ட் நகரில் தொடங்கிய வால்டார்ஃப் பள்ளிகளில் இதை இன்றும் விடாமல் செய்கிறார்கள். வகுப்பில் சொல்வது போலவே சொல்கிறேன்.

காத்தாடி செய்யும் மெல்லிய தாள், அல்லது வெளிச்சம் ஊடுருவும் எந்த வண்ணத்தாளும் சரி. பத்து சென்டிமீட்டர் சதுரமாக எட்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு சதுரத்தை மூலைக்கு மூலை மடித்துப் பிரித்தால் நடுவில் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டின் ஒரு முனையில் சேரும் இரண்டு பக்கங்களையும் கோட்டுக்குக் கொண்டுவந்து மடியுங்கள். பட்டம் போல ஓர் உருவம் கிடைக்கும். அதன் கூர்மையான முனை 45 பாகை, எதிர்முனை பழைய சதுரத்தின் 90 பாகையாகவே இருக்கும். எட்டுத் தாளையும் இப்படிச் செய்துகொள்ளுங்கள். இனி 90 பாகை முனைகளை நடுவில் சேர்த்து, ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் முந்தைய துண்டின் நடுக்கோட்டில் பொருத்தி ஒட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு தடவையும் 45 பாகை திரும்புகிறது. எட்டு தடவையில் 360. வட்டம் தானாக மூடிக்கொள்ளும்.

மேசைமேல் வைத்துப் பார்த்தால் சாதாரண நட்சத்திரம். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயில் பட்டதும்தான் வேடிக்கை. சில இடத்தில் இரண்டு தாள், சில இடத்தில் மூன்று, சில இடத்தில் நாலு. தாள் கூடக் கூட நிறம் ஆழமாகும். மஞ்சள் தாளிலேயே ஆரஞ்சு வரை பார்க்கலாம். நடுவில் இரண்டே தாள் இருக்கும் இடம் வெளிறித் தெரியும். அது ஓர் ஒழுங்கான எண்கோணம்! யாரும் வரையவில்லை, யாரும் அளக்கவில்லை. பேரன் அதைப் பார்த்து, "இது எங்கிருந்து வந்தது தாத்தா?" என்று கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தான் சுந்தர ராவ் புத்தகம் எழுதினார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதையில் இருண்ட பக்கமும் ஒன்று உண்டு. பிள்ளைகளின் காகிதம் எவ்வளவு கனத்தைத் தாங்கும் என்று அதில்தான் தெரிகிறது. வியன்னாவில் யோஹன்னஸ் இட்டன் என்ற ஓவிய ஆசிரியர் இருந்தார். ஃப்ரோபெல் முறையில் பயிற்சி பெற்றவர். அவரிடம் படித்த ஃப்ரீடல் டிக்கர், 1919ல் அவரோடு வைமார் நகரத்து பௌஹவுஸ் கலைப்பள்ளிக்குப் போனார். பெரிய வடிவமைப்பாளராக வளர்ந்தார். யூதப் பெண். திருமணத்துக்குப் பின் ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ். 1942 டிசம்பரில் நாஜிகள் அவரைத் தெரெசின் முகாமுக்கு அனுப்பினார்கள். அனுமதித்த மூட்டையில் அவர் பெரும்பாலும் ஓவியச் சாமான்களையே கட்டிக்கொண்டு போனார். அங்கே பெற்றோரைப் பிரிந்து அடைபட்டிருந்த பிள்ளைகளுக்கு வரையவும், வெட்டி ஒட்டவும் சொல்லிக் கொடுத்தார். நல்ல தாள் ஏது? பயன்படுத்தி முடித்த அலுவலகப் படிவங்களின் பின்பக்கமும், கிடைத்த வண்ணத் துண்டுகளும்தான் சாமான். அவை ஜன்னலில் ஒட்டியவை அல்ல. ஆனால் ஜன்னல் செய்கிற வேலையை அவை செய்தன.

1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோரும் பிழைக்கவில்லை. இரண்டு பெட்டிகளில் ஒளித்து வைத்த சுமார் 4,500 படங்கள் மட்டும் பிழைத்தன. இன்று பிராகில் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பல படங்களில் பிள்ளையின் பெயர் எழுதியிருக்கிறது. அந்தக் குழந்தை உலகத்தில் இருந்தது என்பதற்கு அந்தத் துண்டுக் காகிதம் சாட்சி சொல்கிறது.

நம் கண்ணெதிரே நடந்த ஒன்றோடு முடிக்கலாம். 2020 மார்ச்சில் இத்தாலி முழுதும் ஊரடங்கு. பள்ளி இல்லை, கடை இல்லை, தெருவில் ஆள் இல்லை. பிள்ளைகள் வானவில் வரைந்து ஜன்னலிலும் மாடியிலும் தொங்கவிட்டார்கள். 'எல்லாம் சரியாகிவிடும்' என்று இத்தாலிய மொழியில் கீழே எழுதினார்கள். மாச முடிவுக்குள் இங்கிலாந்து, கனடா என்று பரவிவிட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைக்காரர்களுக்கு நன்றி சொல்லும் அடையாளமாகவே வானவில் மாறிற்று. நியூசிலாந்தில் கரடி பொம்மைகளை ஜன்னலில் வைத்தார்கள், தெருவில் நடக்கிற குழந்தைகள் எண்ணிக்கொண்டு போகட்டும் என்று. அந்த நாட்டுப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்னும் தன் வீட்டு ஜன்னலில் ஒன்று வைத்ததாகச் சொன்னார்.

அப்போது இங்கிலாந்தில் இருந்த என் பேத்திக்கு ஆறு வயது. வீடியோவில் தன் வானவில்லைக் காட்டினாள். கடை மூடியிருந்ததால் வீட்டில் இருந்த பழைய சாமானிலேயே செய்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் மெல்லிய தாள் ஒட்டியிருந்தாள். ஊதா மட்டும் இல்லை. சிவப்புத் தாளின்மேல் நீலத் தாளை வைத்து ஒட்டி, "பாருங்க தாத்தா, ஊதா வந்துடுச்சு!" என்றாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பெட்டியில் ஊதா இருந்திருந்தால் அவளுக்கு அது தெரிந்தே இருக்காது.

எனக்கு இந்த விஷயத்தில் சொல்ல இருப்பது அதுதான். இப்போது கடையில் எல்லாம் வெட்டி, மடித்து, பின்னால் பசை தடவித் தயாராகக் கிடைக்கிறது. உரித்து ஒட்டினால் இரண்டு நிமிடத்தில் ஜன்னல் பளபளக்கும். குழந்தையும் இரண்டு நிமிடத்தில் எழுந்து போய்விடும். குறைவான சாமானை வைத்து ஒன்றைச் செய்யும்போதுதான் யோசனை பிறக்கிறது. சீனத்துத் தாய் ஒரே சிவப்புத் தாளில் செய்தாள், சுந்தர ராவ் துண்டுக் காகிதத்தில் செய்தார். ஃப்ரீடல் படிவத்தின் முதுகில் செய்ய வைத்தார். இவர்கள் யாரும் சாமான் நிறைய வரட்டும் என்று காத்திருக்கவில்லை.

நம் வீட்டு ஜன்னல்களுக்கு ஏற்ற மாதிரி சில வார்த்தை. கண்ணாடிக் கதவு இல்லாமல் கம்பி மட்டும் இருந்தால், பழைய தினசரி காலண்டர் அட்டையை நடுவில் வெட்டிச் சட்டமாக்கிக்கொள்ளலாம். புதுச் சட்டைப் பெட்டியின் மேல் வரும் கண்ணாடித்தாளைச் சட்டத்தில் இழுத்து ஒட்டி, அதன்மேல் வண்ணத் துண்டுகளை ஒட்டிக் கம்பியில் கட்டித் தொங்கவிடலாம். கல்யாணப் பத்திரிகைகளின் தங்க ஓரங்கள் வெளிச்சத்தை விடாது, ஆனால் நிறங்களுக்கு நடுவே கோடாகப் பிரிக்க நன்றாக இருக்கும். மெல்லிய தாளுக்கு மைதாப் பசை வேண்டாம், ஈரத்தில் சுருங்கிவிடும். குச்சிப் பசை போதும். ஒடிந்த கிரேயான்களைச் சீவி இரண்டு பட்டர் பேப்பர் நடுவில் தூவி, மேலே செய்தித்தாள் போட்டு, மிதமான சூட்டில் இஸ்திரிப்பெட்டியை வைத்து எடுத்தால் நிறம் உருகிப் பரவும். அந்த வேலையைப் பெரியவர்கள் செய்யுங்கள். கிழக்கு ஜன்னலுக்குக் காலையில் வெயில், மேற்குக்கு மாலையில். பிள்ளைகள் எப்போது வீட்டில் இருப்பார்களோ அந்தப் பக்கத்து ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள்.

முடிந்ததும் அவர்களை ஒரு தடவை கீழே அழைத்துப்போய், இருட்டிய பிறகு, தெருவிலிருந்து தங்கள் ஜன்னலைப் பார்க்கச் சொல்லுங்கள்.